ஷட்டவுனில் போன குரல்

என் குரல் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இதைச் சொன்னால் சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். சுற்றிவளைக்க இதில் ஒன்றுமில்லை. தொண்டையில் புற்றுநோய் வந்தது, குரல்வளையை எடுத்தார்கள், உயிர் தங்கியது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண், ஆஸ்பத்திரியில் விசாரித்து என்னைத் தேடி வந்தாள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஓர் அறையில் உட்காரவைத்து, வாக்கியம் வாக்கியமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தாள். காக்கை பறந்தது, ரயில் தாமதமாக வந்தது, கத்தரிக்காய் மலிந்தது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வாக்கியங்கள். அதையெல்லாம் வைத்து ஒரு புரோகிராம் செய்து, எங்கள் கம்ப்யூட்டரிலேயே ஏற்றிக் கொடுத்தாள். நான் தமிழில் தட்டினால் அது என் குரலில் பேசும்.

போனிலும் தமிழ் பேசுகிற பெண் குரல் உண்டு. கடைக்கும் பேங்குக்கும் அதைத்தான் கொண்டுபோகிறேன். ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்புச் சொல்கிற தினுசில் பேசும். வெளி ஆட்களுக்கு அது போதும். வீட்டுக்குள் என் குரல்தான்.

என் குரல் என்று சொன்னாலும் அதில் ஒரு கோளாறு உண்டு. பதிவு செய்யும்போது அந்தப் பெண், "ஒரே சீராப் படிங்கக்கா, கோபமும் வேணாம், சிரிப்பும் வேணாம்" என்று சொல்லியிருந்தாள். நானும் அப்படியே படித்தேன். அதனால் அந்தக் குரலுக்குக் கோபம் வராது. எனக்கோ மூக்குக்கு மேல் வரும். வீட்டில் கணக்கு டியூஷன் எடுத்த காலத்தில் நான் ஒருவரைத் திட்டினால் மூன்று குவார்ட்டர்ஸ் தள்ளிக் கேட்கும். என் வீட்டுக்காரர் லீவு நாளில் பின்பக்கம் உட்கார்ந்து எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டிருப்பார். நெய்வேலி அனல் மின் நிலையத்தில் பராமரிப்புப் பிரிவு, வீட்டிலும் அதே பிழைப்பு. நான் அடுப்படியிலிருந்தே கத்துவேன்: "சோறு ஆறி அவலாப் போச்சு. ஊருக்கு வெளிச்சம் குடுக்கிறதெல்லாம் அப்புறம், மொதல்ல வந்து தின்னுங்க." அவர் மூன்றாவது தடவைதான் எழுந்து வருவார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கத்தல் நின்றது. சாப்பாட்டுக்குத் தட்டைக் கரண்டியால் தட்டுவேன், வந்துவிடுவார். ஹாலுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் தட்டி, அது என் குரலில் பொறுமையாக "சாப்பிட வாங்க" என்று சொல்கிற வரைக்கும் யார் நிற்பது? சண்டை போடத்தான் அதிகம் பயன்படுத்தினேன். அதிலும் பலன் குறைவு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு "உங்களுக்கு அறிவிருக்கா" என்று தட்டுவேன். அது, பக்கத்து வீட்டில் சர்க்கரை இருக்கிறதா என்று விசாரிக்கிற மாதிரி கேட்கும். அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அப்டேட் தகராறு எங்களுக்குள் நெடுநாளாக இருந்தது. திரையின் மூலையில் அடிக்கடி ஒரு கட்டம் வந்து, புதுப்பிப்புகள் காத்திருக்கின்றன என்று சொல்லும். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டுவிடுவார். "ஓடிக்கினு இருக்கிற யூனிட்ல கை வைக்கக் கூடாது. எங்க செக்ஷன்ல மொதப் பாடமே அதான்" என்பார். அவர் சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர். டவுன்ஷிப்புக்கு வந்து இத்தனை வருஷமாகியும் வீட்டில் பேச்சு மாறவில்லை.

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அந்த ஆராய்ச்சிப் பெண் படிப்பை முடித்துக்கொண்டு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். பதிவுகளை ஒரு பென்டிரைவில் போட்டுத் தந்திருந்தாள். ஆனால் புரோகிராமை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்ற அவளாலேயே முடியவில்லை, முயற்சி செய்து பார்த்துக் கையை விரித்துவிட்டாள். இந்த மெஷினில் ஓடுகிறது, இதில்தான் ஓடும். இது கெட்டால் என் குரல் கெட்டது.

அந்த நிலைமையில்தான் எதிர்வீட்டில் அது நடந்தது. எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் காலையில் வாசலில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அவர்கள் கம்ப்யூட்டர் திரை முழுக்க ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல். உள்ளே இருந்த படம், பத்திரம், மகள் கல்யாண வீடியோ எதையும் திறக்க முடியவில்லை.

"எல்லாத்தையும் எவனோ பூட்டிக்கினு போயிட்டான். நாங்க ஒண்ணுமே பண்ணலீங்க, மெயில்ல ஏதோ வந்துச்சாம், அதைத் தொறந்தாராம்" என்றார் அக்கா. அவர் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அவர்களும் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தவர்கள்தான். இரண்டு வீட்டு ஆண்களும் ஒரே செக்ஷன். ஓடுகிற யூனிட்டைத் தொடாதே என்ற பாடம் அந்த வீட்டிலும் ஓடியிருக்கிறது. நான் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பூட்டு இந்த மெஷினுக்கு வந்தால் கல்யாண வீடியோ போகாது, நான் போவேன். எனக்குப் பயமாக இருந்தது. அப்டேட் போட்டால் குரல் போகலாம், போடாவிட்டாலும் போகலாம்.

அந்த ஆராய்ச்சிப் பெண்ணுக்கு மெயில் எழுதினேன். பதில் உடனே வந்தது. "அக்கா, பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தி வைக்காதீங்க. ஆனா எது புரோகிராமைக் கெடுக்கும்னு இங்கேருந்து என்னால சொல்ல முடியல. பாத்துப் பண்ணுங்க." பாத்துப் பண்ணுங்க என்றால் எதைப் பார்த்து என்று அவள் எழுதவில்லை. நல்ல பெண், குறை சொல்ல மனசு வரவில்லை.

பக்கத்தில் மந்தாரக்குப்பத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற இரண்டு கடைகளில் கேட்டேன். போனின் ஸ்டேஷன் குரலில்தான். முதல் கடைக்காரர், "அப்டேட்டெல்லாம் ஆஃப் பண்ணிப் போடுங்க மேடம், போட்டா ஸ்லோவாயிடும்" என்றார். இரண்டாவது கடைக்காரர், "மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடலாம் மேடம், சாயங்காலம் வாங்கிக்கலாம்" என்றார். மொத்தமாக அழிக்கிறதாம். மெஷினை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்ததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். போகிற போக்கில் அவர், கரண்ட் போனால் தாங்குகிற மாதிரி ஒரு யூபிஎஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. "நெய்வேலி குவார்ட்டர்ஸ்காரனுக்கு யூபிஎஸ்ஸா? கரண்டு பண்ற ஊருக்கே கரண்டு விக்கப் பாக்குறானா?" என்று அன்று முழுக்க முணுமுணுத்தார்.

சரி, நாமே உட்கார்ந்து பிரித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். கணக்கில் பெரிய கோவையைக் கொடுத்தால் பயந்துபோகிற பிள்ளைகளிடம், முதலில் ஒரே இனத்தை ஒன்றாகச் சேர் என்பேன். அதே வேலைதான். தேங்கிக் கிடந்த அப்டேட்டுகளைத் திறந்து பார்த்தால் எண்களும் எழுத்துகளுமாகக் கிறுகிறுவென்று வந்தது. நிதானமாகப் படித்தால் அதில் சில இனங்கள்தான் இருந்தன. சிஸ்டத்தின் பாதுகாப்புக்கு மாதாமாதம் வருவது ஒன்று. இன்டர்நெட் பார்க்கிற பிரௌசருக்கு வருவது ஒன்று. மெயிலில் வருகிற கோப்புகளைத் திறக்கிற மென்பொருள்களுக்கு வருவது ஒன்று. வருஷத்துக்கு ஒருமுறை முகத்தையே மாற்றிக்கொண்டு வருகிற பெரிய பதிப்பு ஒன்று. கடைசியில் ஒரு மூலையில் "ஆப்ஷனல்" என்று போட்டு, பிரிண்டருக்கு, திரைக்கு, சவுண்டுக்கு என்று சில்லறையாகக் கொஞ்சம். இது போக, பிரௌசரில் சிவப்பாகக் குதித்து, உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, இங்கே அழுத்துங்கள் என்று கூவுகிறவை. அவை அப்டேட்டே கிடையாது, திருட்டுப் பயல்களின் வேலை. அதை அழுத்தாத அளவுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் விவரம் இருந்தது.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். வெளி ஆள் எந்த வழியாக உள்ளே வர முடியும்? வாசல் கதவுக்கும் கொல்லைக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட வேண்டும், அடுப்படியில் இருக்கிற குக்கருக்குத் தாழ்ப்பாள் எதற்கு? சிஸ்டம், பிரௌசர், கோப்பு திறப்பவை, மூன்றும் வாசல் பக்கம். அதற்கெல்லாம் பாதுகாப்பு அப்டேட் கட்டாயம். பெரிய பதிப்பு, பொறுத்துப் பார்க்கலாம். பிரிண்டரும் சவுண்டும் ஊரோடு பேசுவதில்லை, ஒழுங்காக வேலை செய்கிற வரைக்கும் அவற்றைத் தொட வேண்டாம். சவுண்டு டிரைவர் என்று ஒன்று இருந்தது. கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று சத்தத்தைக் கொண்டுசேர்க்கிற சின்ன மென்பொருள். அதன் பக்கமே போகக் கூடாது என்று எனக்குப் பட்டது.

இதையெல்லாம் தட்டி என் குரலில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கடைசிவரை கேட்டார். "சரி, அப்போ இது ஓடிக்கினு இருக்கும்போது பண்ற வேலை கெடையாது. ஷட்டவுன் எடுத்துத்தான் பண்ணணும்" என்றார். வேலையில் ஒரு யூனிட்டை நிறுத்திப் பராமரிப்பதற்கு அவர்கள் சொல்கிற பெயர் அது. அந்த நாட்களில் அவர் வீட்டுக்குச் சாப்பிட மட்டும்தான் வருவார், வாயைத் திறந்தால் பேரிங், பெல்ட், பர்மிட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுன் நடந்தது. காலையிலேயே குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பதிவுகளின் பென்டிரைவை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். வேலை நடக்கிறது, இயக்காதே என்று எழுதிய சிவப்பு அட்டை ஒன்றைக் கம்ப்யூட்டரின் சுவிட்சில் நூல் போட்டுக் கட்டினார். பிளான்ட்டில் ஒரு மெஷினுக்குள் ஆள் இறங்கும்போது அப்படித்தான் கட்டுவார்களாம், கட்டினவர் வந்துதான் அவிழ்க்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பாக இருந்தது. இருந்தாலும் மனசுக்குத் தெம்பாகவும் இருந்தது. பக்கத்தில் நின்றால் அவருக்கு வேலை ஓடாது, அதனால் மீன் வாங்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சிபோச்சு. ஒரு தகராறும் இல்லே, பேசிப் பாரு" என்றார். உட்கார்ந்து, மீன் வாங்கினேன் என்று தட்டினேன். புரோகிராம் திறந்தது, எழுத்து ஓடியது, சத்தம் வரவில்லை. மறுபடி தட்டினேன். மறுபடியும் இல்லை. ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று அவர் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். பாட்டு கணீரென்று வந்தது. கம்ப்யூட்டருக்குப் பாட வந்தது, என்னை மாதிரி பேசத்தான் வரவில்லை. அவர் முகம் செத்துப்போயிற்று.

அடுத்து வந்த நாட்களில் நான் டியூஷன் போர்டில் எழுதிப் பேசினேன். ஹால் சுவரில் அது இன்னும் மாட்டியிருக்கிறது. ஒரு விஷயத்தை அப்போதுதான் கவனித்தேன். போர்டில் எழுதும்போது என் கோபம் தெரிந்தது. எழுத்து பெரிதாக வரும், சாக்பீஸ் பட்டென்று உடையும். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்குப் போர்டே போதுமே, அந்தப் பொறுமைசாலிக் குரல் நமக்கு எதற்கு என்றுகூட ஒரு மத்தியானம் நினைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் என் தங்கை போன் செய்தாள். என்னோடு பேச வேண்டும் என்றாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நான் போர்டு முன்னால் சாக்பீஸோடு நின்றேன். போர்டைப் போனில் எப்படிக் காட்டுவது? அந்த ஸ்டேஷன் குரலில் அவளோடு பேச எனக்கு மனசில்லை. அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தார். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். குரல்வளை இல்லாமல் அழுதால் சத்தம் வராது, மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகக் காற்றுதான் போகும்.

அவர் வேலையிலிருந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒன்று இரண்டு மூன்று என்று தட்டிப் பார்ப்பார். வராது. பாதுகாப்பு அப்டேட்தான் கெடுத்திருக்கிறது, எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்றார். கூடாது என்று எழுதினேன். எதிர்வீட்டுத் திரை எனக்குக் கண்ணிலேயே நின்றது. வாசலைத் திறந்து போட்டுவிட்டு அடுப்படியில் தேடினால் என்ன கிடைக்கும் என்று எழுதினேன். அவர் மறுபடியும் ஒன்று இரண்டு என்று தட்ட ஆரம்பித்தார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"அந்த சவுண்டு டிரைவரையும் போட்டுட்டேன்."

நான் இட்லித் தட்டைக் கீழே வைத்தேன்.

"ஆப்ஷனல்ல இருந்த எல்லாத்தையும் டிக் பண்ணிட்டேன். நிறுத்துனதே நிறுத்துனோம், கெடப்புல கெடக்கிற வேலை எல்லாத்தையும் ஒரே வழியா முடிச்சிடலாம்னு. ஷட்டவுன்ல அப்படித்தானே பண்ணுவோம். பாக்கி வெச்சா அப்புறம் அதுக்குன்னு இன்னொரு தடவ நிறுத்தணும். கை அதுபாட்டுக்குப் போயிடுச்சு."

ஒரு வாரமாக இது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. போர்டு வரைக்கும் போகப் பொறுமையில்லை, கரண்டியை எடுத்து மேஜையில் ஓங்கி ஒரு போடு போட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போய்ப் போர்டில், கழட்டுங்க என்று எழுதினேன். ஒரே வார்த்தைதான், இரண்டு சாக்பீஸ் போயிற்று. அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஹாலில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கதவு வழியாகவே எனக்குத் தெரிந்தது. டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்ப ஒரு வழி உண்டு, அதை அவரும் படித்திருந்தார். மெஷின் நின்று மறுபடி கிளம்புகிற ஓசை கேட்டது. நான் பாத்திரம் கழுவினேன். இதற்கும் வராவிட்டால்? போனில் இருக்கிற ஸ்டேஷன் அம்மாவோடுதான் மிச்ச வாழ்க்கை. தங்கையோடும் அவள்தான் பேசுவாள். கை அதுபாட்டுக்குக் கழுவின தட்டையே கழுவிக்கொண்டிருந்தது.

அப்போது ஹாலிலிருந்து என் குரல் வந்தது.

"சோறு ஆறி அவலாப் போச்சு. ஊருக்கு வெளிச்சம் குடுக்கிறதெல்லாம் அப்புறம், மொதல்ல வந்து தின்னுங்க."

நான் அதைத் தட்டியதே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வார்த்தைகளை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவர் ஒரு எழுத்து மாறாமல் வைத்திருந்திருக்கிறார். நான் கத்தின மாதிரி இல்லாமல், ஒரே சீராக, கோபமும் சிரிப்பும் இல்லாமல் அது வந்தது. ஜன்மத்தில் நான் அவரை அவ்வளவு பொறுமையாகச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

பிறகு அதே வாக்கியம் மறுபடி வந்தது. பிறகு இன்னொரு முறை. மூன்றாவது முறை முடிந்ததும் நாற்காலி நகர்ந்தது. அவர் வந்து அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். மணி பத்துகூட ஆகவில்லை, சோற்றுக்கு அரிசியே களையவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைத்துக்கொள்ளவும் இல்லை.

இப்போதெல்லாம் பாதுகாப்பு அப்டேட்டை மாதாமாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போடுகிறோம். சவுண்டு டிரைவர் பழையதேதான், ஆப்ஷனல் பக்கம் யாரும் போவதில்லை. யூபிஎஸ் இன்னும் வாங்கவில்லை, அதில் அவர் மானம் குறுக்கே நிற்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சிவப்பு அட்டையைக் கட்டினதும் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். வேலை முடிந்து மெஷின் மறுபடி கிளம்பினால், பேச்சு வருகிறதா என்று பார்க்க அவர் தட்டுவது அதே வாக்கியத்தைத்தான். மூன்றாவது தடவை கேட்டதும் எழுந்து வருவார். நான் அதற்குள் சோற்றை வடித்துத் தட்டைப் போட்டு வைத்திருப்பேன்.